நாக்குக்கு ஒரு புத்தூர்க் கட்டு!

"தாத்தாபுரி! தாத்தாபுரின்னு சொல்லிட்டா! அவுட்டு, அவுட்டு!"

சித்தூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடி. மே மாதத்துச் சாயங்காலம். தெளித்த தண்ணீர் தரையில் பட்டதும் சூடு கிளம்பி முகத்தில் அடிக்கிறது. நடுவில் ஒரு தட்டு நிறையத் தோத்தாபுரி, அதாவது கிளிமூக்கு மாங்காய், கீற்றுக் கீற்றாக, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி. தட்டைச் சுற்றி நாலு பிள்ளைகள். நாலு வாயிலும் எச்சில் ஊறுகிறது, ஆனால் ஒருவரும் இன்னும் மாங்காயைத் தொடவில்லை. தொட வேண்டுமென்றால் இதை மூச்சு விடாமல் 5 தடவை சொல்ல வேண்டும்:

தோத்தாபுரித் தோப்புத் தாத்தா, தாத்தா தோப்புத் தோத்தாபுரி.

நீங்களும் சொல்லிப் பாருங்கள். இப்போதே, வாய்விட்டு! முதல் தடவை ஜோராகப் போகும். இரண்டாவது தடவை நாக்கு லேசாக யோசிக்கும். மூன்றாவது தடவை தோப்பு தாப்பு ஆகும், தாத்தா தோத்தா ஆவார். நான்காவது தடவை 'தாத்தாபுரி' என்று புதிதாக ஓர் ஊரே முளைத்துவிடும். அந்த ஊர் முளைக்கிற நொடியில் எங்கள் மாடியில் எழுகிற சிரிப்பில் தெருவில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் இதற்கு நாநெகிழ் பயிற்சி என்று பெயர். எங்கள் பிள்ளைகள் வைத்த பெயர் 'நாக்குச் சுளுக்கு'. சுளுக்கினால் எங்கே போக வேண்டும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். திருப்பதிக்கும் நகரிக்கும் நடுவே இருக்கிற புத்தூர்! பச்சிலையும் முட்டையும் வைத்து மூங்கில் தப்பை கட்டுகிற அந்த ஊர் எலும்பு வைத்தியத்துக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். அதனால் மாடியில் யாராவது உளறினால் மற்ற மூன்று பேரும் ஒரே குரலில் கத்துவார்கள்: "நாக்குக்குப் புத்தூர்க் கட்டு!" உளறியவர் தாடையைச் சேர்த்துத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, அடுத்த ஆட்டம் வரை பேசாமல் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் கண்ணில் தெரிகிற சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே இன்னும் நாலு வாக்கியம் செய்யலாம்!

ஆமாம், செய்யலாம். இந்தக் கோடை முழுக்க நாங்கள் செய்தது அதைத்தான். ஊரில் வழங்குகிற பழைய வாக்கியங்கள், தாத்தா தைத்த சட்டையும் கடலோர உரலும் கிழநரியும், இரண்டே நாளில் மனப்பாடம் ஆகிவிட்டன. மனப்பாடமான வாக்கியத்தில் நாக்கு சுளுக்காது. அப்போதுதான் அண்ணன் மகள், நாலு பேரில் பெரியவள், 11 வயதுக்காரி, கேட்டாள்: "அத்தை, இதெல்லாம் யாரோ உக்காந்து செஞ்சதுதானே? நாமளே செஞ்சா என்ன?"

அந்த நிமிஷமே மாடி தொழிற்சாலை ஆகிவிட்டது. உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டுகிறேன், வாருங்கள்!

உளறல் டப்பா

முதலில் கச்சாப்பொருள். எங்கள் தொழிற்சாலையின் கச்சாப்பொருள் பிழை. ஒரு பழைய பிஸ்கட் டப்பா வைத்தோம். நாள் முழுக்க யார் எங்கே வாய் தவறினாலும் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். தவறியவருக்குத் தண்டனை கிடையாது, ஒரு மாங்காய்க் கீற்று பரிசு. ஒரே நாளில் பிள்ளைகள் தங்கள் பிழையைத் தாங்களே பிடித்துக்கொண்டு ஓடிவர ஆரம்பித்துவிட்டார்கள். "அத்தை, நான் இப்ப ஒண்ணு உளறினேன், எழுதுங்க, எழுதுங்க!"

முதல் சீட்டு சின்னவனுடையது. வயது 7, மேல் முன்பல் இரண்டும் போன வாரம்தான் விழுந்தன. "கேணிப்பாக்கம் கோயிலுக்கு எப்பப் போறோம்?" என்று கேட்டான். அது காணிப்பாக்கம் என்றோம். அவன் விடவில்லை. "சாமி கேணிக்குள்ளதானே இருக்காரு? அப்ப கேணிப்பாக்கம்தானே?" எவ்வளவு நியாயமான கேள்வி! சித்தூருக்குப் பக்கத்திலேயே, கிணற்றுக்குள் வீற்றிருக்கிற பிள்ளையார் அவர். அந்தச் சீட்டிலிருந்து பத்தே நிமிஷத்தில் பிறந்தது எங்கள் முதல் சரக்கு:

காணிப்பாக்கம் கேணிப்பக்கம், கேணிப்பக்கம் காணிப்பாக்கம்.

எழுத்தில் பார்த்தால் சாது. மூன்று தடவை வேகமாகச் சொன்னால் பாக்கமும் பக்கமும் கைகலந்து, காணியும் கேணியும் இடம் மாறி, பிள்ளையாரே சிரித்துவிடுவார்!

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. இந்த வாக்கியங்களை மூளையைக் கசக்கித் தேட வேண்டியதில்லை. ஒரு குழந்தையின் நாக்கு எங்கே வழுக்குகிறதோ அங்கேயே அவை கிடக்கின்றன. நாம் குனிந்து பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நாக்கு ஏன் வழுக்குகிறது என்று பெரிய ஆய்வுக்கூடங்களிலும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஸ்டெஃபானி ஷாட்டக்-ஹஃப்னாகலும் உடன் ஆய்ந்தவர்களும், ஆட்களை இப்படிப்பட்ட சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துப் பதிவு செய்து, 2013 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஒலியியல் மாநாட்டில் சொன்னார்கள். சில சமயம் ஓர் ஒலியின் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. சில சமயம் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளியே வரப் பார்க்கின்றன. இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். நகரியிலிருந்து லீவுக்கு வந்திருக்கிற மாமன் மகள் ஒரு வினாடி யோசித்தாள். "ஓ! தோவும் தாவும் ஒரே பஸ்சுல ஒரே படியில ஏறப் பாக்குது!" இதைவிட நன்றாக யாராலும் சொல்ல முடியாது.

வாய்க்குள் டார்ச்

அடுத்த நாள் கண்ணாடியும் டார்ச்சும் மாடிக்கு வந்தன. ஆளுக்கு ஆள் வாயைத் திறந்து காட்டுகிறார்கள், மற்றவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். "க சொல்லு!" நாக்கின் பின்பக்கம் எழும்புகிறது. "ச!" நடு நாக்கு. "ட!" நுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தட்டுகிறது. "த!" பல்லை முட்டுகிறது. "ப!" உதடு மூடிக்கொள்கிறது, டார்ச்சுக்கு வேலை இல்லை!

க, ச, ட, த, ப. பள்ளிக்கூடத்தில் ராகம் போட்டுச் சொல்லிய வரிசை தொண்டைப் பக்கத்திலிருந்து உதடு வரை படிப்படியாக இறங்கி வருகிறது என்பதைப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார்கள். "திருமலையிலிருந்து அலிபிரிக்கு இறங்குற மாதிரி!" என்று பெரியவள் குதித்தாள். அங்கே 3,550 படி, இங்கே ஐந்தே படி!

டார்ச் இல்லாத காலத்திலேயே தொல்காப்பியர் இதையெல்லாம் பிறப்பியல் என்று தனி இயல் போட்டு, எந்த ஒலிக்கு நாக்கு எங்கே போகிறது என்று எழுதிவைத்துவிட்டார். அந்த நூலின் பாயிரம் தமிழ் நிலத்துக்கு வடக்கெல்லையாகச் சொல்வது எங்கள் வேங்கடத்தைத்தான். எல்லையில் உட்கார்ந்துகொண்டு வாய்க்குள் டார்ச் அடிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் அவர் மகிழ்ந்திருப்பார் என்று மனசார நம்புகிறேன்.

டார்ச் எங்களுக்குக் கொடுத்த ரகசியம் இது. தூரத்து வீட்டு ஒலிகளை அடுத்தடுத்து வைத்தால் நாக்கு அவ்வளவாகக் குழம்பாது. ஒட்டின வீட்டு ஒலிகளை வைக்க வேண்டும். பல்லில் முட்டுகிற த, அண்ணத்தைத் தட்டுகிற ட, இரண்டும் சுவர் ஒட்டிய வீடுகள். வாசல் மாறிப் போகத்தானே செய்யும்?

பத்துப் பாட்டி பட்டுக் கட்டு, பட்டுப் பாட்டி பத்துக் கட்டு, புத்தூர்ப் பாட்டி புட்டுக் கட்டு.

முன்பல் இல்லாத சின்னவனுக்கு இது இன்னும் கஷ்டம். த சொல்ல நாக்கு முட்டப் போனால் அங்கே சுவரே இல்லை, நுனி வெளியே எட்டிப் பார்க்கிறது. அவன் அழவில்லை. "எனக்குப் பல் முளைச்ச பிறகு திருப்பி வைங்க போட்டியை" என்று தேதி குறித்துக்கொண்டான்.

கத்தரியும் மூன்று வேகமும்

நகரிக்காரிக்குத் தன் ஊர் மேல் ஒரு வாக்கியம் வேண்டும். தறிச் சத்தம் கேட்கிற ஊர் அது. முதலில் அவள் செய்தது ஒரு முழு நீளக் கதை. நகரியில் தறி நெய்த நரி, நகராமல் நின்று, வேறொரு நரியைக் கூப்பிட்டு... சொன்னவர்களுக்கு மூச்சு வாங்கியது, நாக்கு மட்டும் தடுக்கவே இல்லை! நீளம் களைப்பைத்தான் தருகிறது. உளற வைப்பது நெருக்கம். கத்தரியை எடுத்தோம். நாலு நாள் வெட்டி வெட்டி மிச்சம் நின்றது இவ்வளவுதான்:

நகரி நரி நகரா நரி, நகரா நரி தறி நரி.

மூன்றாவது சுற்றில் 'நகரா' தானாகவே 'நரகா' ஆகிறது. அவள் எழுந்து ஆடியே விட்டாள்.

செய்ததையெல்லாம் அட்டைகளில் எழுதினோம். அட்டை யோசனையும் இந்த மண்ணுடையதுதான். பழைய சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்குப் பக்கத்து ரிஷிவேலியில், கிராமப் பள்ளிகளுக்காகக் கற்றல் அட்டைகள் செய்தார்கள். குழந்தை தன் வேகத்தில் ஏணிப்படி போல ஒவ்வோர் அட்டையாக ஏறிப் போகும். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்ததும் அதைப் பார்த்துத்தான். எங்கள் ஏணிக்கு மூன்று படி: மாட்டுவண்டி, டவுன் பஸ், சப்தகிரி எக்ஸ்பிரஸ். மாட்டுவண்டி வேகத்தில் ஒவ்வோர் எழுத்தும் சுத்தமாக விழுந்தால்தான் பஸ் ஏறலாம். பஸ்ஸில் மூன்று தடவை தப்பாமல் வந்தால்தான், சென்னைக்கும் திருப்பதிக்கும் ஓடுகிற அந்த ரயிலுக்கு டிக்கெட்!

ஒரு சட்டத்தை மட்டும் நாங்கள் யாருக்காகவும் தளர்த்துவதில்லை. எப்போதாவது வந்து சேர்ந்துகொள்கிற ஒரு பிள்ளை திக்கிப் பேசுவான். அவனைத் தனியே நிறுத்தி வேகப் போட்டி வைக்க மாட்டோம். அவன் வருகிற நாளில் எல்லாம் கூட்டுக் குரல், மாட்டுவண்டி வேகம். கூட்டத்தோடு சேர்ந்து ஒரே தாளத்தில் சொல்லும்போது திக்கல் குறைவது பலருக்கும் நடக்கிறது. அவனுக்கும் நடந்தது. காணிப்பாக்கத்தை அவன் தங்குதடையில்லாமல் சொன்ன அந்தச் சாயங்காலம் யாரும் கைதட்டவில்லை, மூன்றாவது தடவையாகச் சேர்ந்து சொன்னோம், அவ்வளவுதான். அவன் சத்தம்தான் எல்லோரையும்விட உரக்கக் கேட்டது.

ஆயாவுக்கு ஒன்று

கீழே கட்டிலில் இருந்து ஆயா குரல் கொடுத்தாள். "எனக்குப் பல்லே இல்ல. எனக்கு எதுனா பண்ணித் தர மாட்டீங்களாடா?" கேட்டீர்களா! பிள்ளைகள் கூடி ஆலோசித்தார்கள். பல் வேண்டாத ஒலி எது? டார்ச் சொல்லிவிட்டதே: ப, ம. உதடு போதும். அரை மணி நேரத்தில் உதட்டாலேயே கட்டின வாக்கியம் தயார்:

பாப்பம்மா அப்பம், அம்மம்மா அப்பம், அப்பப்பா, எம்மாம் அப்பம்!

இதில் ப, ம தவிர வேறு மெய்யே கிடையாது. ஆயா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, ஒரே மூச்சில் 5 தடவை சொல்லி, தட்டில் பாதி மாங்காயை உப்போடு அள்ளிக்கொண்டு போனாள். கடிக்கப் பல் இல்லை, சப்பிக்கொண்டே ஜெயித்த சிரிப்பு!

அன்று ராத்திரி பெரியவளுக்கு நேர் எதிர் யோசனை. "உதடே ஒட்டாம ஒண்ணு செய்ய முடியுமா அத்தை?" திருக்குறளை எடுத்து 341-ஆம் குறளைக் காட்டினேன். உதடுகளுக்கு நடுவே விரலை வைத்துக்கொண்டு படித்தாலும் முடித்துவிடலாம், ஓர் இடத்தில்கூட உதடு ஒட்டாது. அதே அதிகாரத்தில் 350-ஆம் குறள், அடிக்கடி உதடு ஒட்டிக்கொண்டே போகும். பிள்ளைகள் விரலை வைத்துக்கொண்டு மாறி மாறிப் படித்தார்கள். 350-ல் விரல் கடிபடும் சத்தம் மாடி முழுக்க!

பிறகு காளமேகப் புலவர் க-வரிசையை மட்டும் வைத்தும் த-வரிசையை மட்டும் வைத்தும் வெண்பாக் கட்டிய கதை. பிறகு கந்தரந்தாதியில் முழுக்க முழுக்கத் தகரமாகவே ஓடுகிற 54-ஆம் பாட்டு, அதற்குப் பொருள் சொல்ல முடியாமல் வில்லிபுத்தூரார் திகைத்து நின்றார் என்கிற கதை. அதைப் பாடிய அருணகிரிநாதர் திருத்தணிக்கும் வந்து பாடியவர். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி எங்கள் சித்தூர் மாவட்டத்து ஊர். "அப்ப அவரு நம்ம ஊர் டீம்!" என்று சின்னவன் தீர்ப்பு எழுதிவிட்டான்.

தட்டாதே, வருடு

நாலாவது பிள்ளையை இன்னும் உங்களுக்குக் காட்டவில்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பையன், 9 வயது. முதல் நாள் அவன்தான் எங்களைச் சுருட்டிப் போட்டான். லட்சம் பலகாரம் தின்னும் ஒரு மனிதரின் வயிற்றைப் பற்றித் தெலுங்கில் ஒரு பழைய நாக்குச் சுளுக்கு உண்டு. தமிழ் எழுத்தில் எழுதினால் பாதி ஓசை போய்விடும். மூச்சை உந்தித் தள்ளுகிற ஒலிகள் அதில் வரிசை கட்டி வருகின்றன. எங்கள் பிள்ளைகள் வாயில் அந்த மூச்சு இல்லை. அவன் ஆசிரியர் ஆனான். "அரிச்செய்யி வாய் முன்னாடி வைங்க. காத்து வந்து இடிக்கணும். இடிச்சாதான் கரெக்ட்டு." மூன்று பேரும் உள்ளங்கையில் ஊதிக்கொண்டு திரிந்தார்கள், இரண்டு நாள்!

ஆனால் அவனுக்கு ழ வரவில்லை. ழ வந்த இடத்தில் எல்லாம் ல. "நோரு திரகட்லேது ஆன்ட்டி" என்றான். வாய் திரும்பவில்லை என்று தெலுங்கில் சொல்வது. என்ன அழகான சொல்! திரும்பத்தான் வேண்டும், நாக்கு திரும்பினால்தான் ழ.

வழி எங்கள் இரண்டு மொழிக்கும் நடுவிலேயே கிடந்தது. தமிழில் ஏழு, தெலுங்கில் ஏடு. தமிழில் கோழி, தெலுங்கில் கோடி. இங்கே சோழர், அங்கே சோடர். நாம் ழ வைக்கிற இடத்தில் அவர்கள் ட வைக்கிறார்கள். அப்படியென்றால் அவன் நாக்கு ஏற்கெனவே சரியான வீட்டு வாசலில்தான் நிற்கிறது! ட சொல்லும்போது கதவைப் பட்டென்று தட்டுகிறது, அதுதான் வித்தியாசம். நுனிநாக்கு அண்ணத்தை வருட வருவது ழ என்று தொல்காப்பியர் சொன்னதைப் பெரியவள் அவனுக்கு இரண்டே வார்த்தையில் சொல்லிக் கொடுத்தாள்: "தட்டாதே, வருடு."

அவன் 'ஏடு' என்றான். "தட்டாதே!" மறுபடி, மெதுவாக. "வருடு!" நாக்கு மேலே போயிற்று, வளைந்தது, தட்டாமல் நின்றது. ஏழு. ஏழு! நாலு பேரும் மாடியைச் சுற்றி ஓடினார்கள்.

கொண்டாட்டத்துக்கு உடனே ஒரு கோழி வாக்கியம்:

கோடிக் கோழி கூடைக்குள்ளே, கூடைக் கோழி கோடிக்குள்ளே.

தமிழ்க் காதுக்கு முதல் சொல் எண்ணிக்கை, அவன் காதுக்கு அதுவும் கோழி. "கோழிக் கோழி கூடைக்குள்ளயா?" என்று அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

ஏழு மலைக்குக் கீழே

கடைசி வாரம் அரங்கேற்றம். திருப்பதியில் அக்கா வீட்டு மாடி, எதிரே மலை. சித்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒத்திகை. பூதலப்பட்டு, பாகாலா, சந்திரகிரி என்று ஊர்ப் பலகை வரும்போதெல்லாம் நாலு தலையும் ஜன்னல் பக்கம் திரும்பும், "இதுல என்ன சுளுக்கும்?" கண்டக்டரும் இரண்டு வாக்கியத்தில் மாட்டிக்கொண்டார்.

அரங்கேற்றத்துக்கென்று தெலுங்குப் பையன் தன் உளறல் சீட்டிலிருந்தே ஒன்று செய்து வைத்திருந்தான். மலையை மழை என்றும் மழையை மலை என்றும் அவன் மாற்றி மாற்றிச் சொல்லி, டப்பாவில் அவன் பெயரில் சேர்ந்த சீட்டுகளே அதிகம். அத்தனையையும் சேர்த்து அவன் கட்டியது:

ஏழு மலையில் ஏழு மழை, எந்த மழையில் எந்த மலை?

எழுந்து நின்று சொன்னான். மாட்டுவண்டி, சுத்தம். டவுன் பஸ், சுத்தம். சப்தகிரி எக்ஸ்பிரஸ்ஸில் மூன்றாவது சுற்றில் விழுந்தான். அவன் மட்டுமா, பின்னாலேயே முயன்ற தமிழ்ப் பெரியவர்கள் எல்லோரும் வரிசையாக விழுந்தார்கள்! மாடி முழுக்கத் துண்டு கட்டின தாடைகள்!

எங்கள் நோட்டில் இதையும் சேர்த்து 17 வாக்கியம். கடைசி வாக்கியத்தைத் தெலுங்கு எழுத்தில்தான் எழுதுவேன் என்று அவன் உட்கார்ந்தான். முதல் எழுத்து எழுதினான், அதோடு நின்றுவிட்டான். இன்றைய தெலுங்கில் ழ-வுக்கு எழுத்து இல்லை. ட போட்டால் பழையபடி தட்டும். பென்சிலைக் கடித்தான். பிறகு ட-வை எழுதி, அதன் கீழே ஒரு சின்ன வால் போட்டான்.

"இது வருடுற ட" என்றான்.

எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு செல்போனை எடுத்துக் காட்டினேன். கடப்பைப் பக்கத்தில் ரேநாட்டுச் சோழர் காலத்துப் பழைய தெலுங்குக் கல்வெட்டுகளில் இந்த ஒலிக்கென்றே ஓர் எழுத்து இருந்தது. அது எப்போதோ வழக்கொழிந்துபோனது. இன்றைக்கும் கணினியின் யுனிகோடு தொகுப்பில் தெலுங்கு எழுத்துகளோடு அதற்கும் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். அவன் தன் வால் எழுத்தையும் திரையில் இருந்த எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்போ இது முன்னாடியே எங்ககிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு."

சின்னவனைத் திரும்பிப் பார்த்துக் கத்தினான்: "ரேய், இதி மாதி கூடா ரா!" எங்களுதும்தாண்டா இது!

பிறகு எழுந்து நின்றான். ஒரு மூச்சு இழுத்தான். ஏழு மலையும் ஏழு மழையும் 5 தடவை, எக்ஸ்பிரஸ் வேகத்தில், ஒரு ழ தவறவில்லை. யாரும் சொல்லாமலே மாங்காய்த் தட்டு அவன் பக்கம் நகர்ந்தது.